காது கேட்குமா? கைதட்டிப் பார்த்தால் தெரியாது

எட்டு மாத மகன். பிறந்த கிழமை மஞ்சள் கூடி லைற்றில் வைத்திருந்தார்கள். காதுச் சோதனையில் ‘பாஸ்’ என்றார்கள். பின்னால் கைதட்டினால் திரும்புகிறான். ஆனால் ‘பாபா, மாமா’ என்று மழலை இன்னும் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?
— வாசகி, கிண்ணியா

பொறுக்க வேண்டாம். கைதட்டும்போது காற்று கழுத்தில் படும், நிழல் அசையும். பிள்ளை அதற்கும் திரும்பும். கதவை அடித்துச் சாத்தினால் நிலம் அதிரும். தடித்த சத்தங்கள் கேட்டாலும் ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காத காதுகளும் உண்டு.

பிறந்தவுடன் செய்யும் சோதனை பெரும்பாலும் ஓ.ஏ.இ. காதுக்குள் சிறு முனையை வைத்து, உட்காதின் மயிர்க்கலங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது. கடுமையான மஞ்சள் அந்தக் கலங்களை விட்டுவிட்டு, ஒலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பைத் தாக்கக்கூடும். அப்படியானால் ஓ.ஏ.இ. ‘பாஸ்’ காட்டும், பேச்சு மட்டும் பிள்ளைக்கு விளங்காது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது பெரா சோதனை. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சிறு ஒட்டுகளை ஒட்டி, பிள்ளை நித்திரையில் இருக்கும்போது நரம்பின் பதிலை அளப்பார்கள். வலி இல்லை. அன்று காலை தூங்க விடாமல் வைத்திருந்து, சோதனைக்குச் சற்று முன் பாலைக் கொடுங்கள். பிள்ளை முழித்து நெளிந்தால் இன்னொரு நாள் வரவேண்டியிருக்கும்.

பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடக்கம் என்பதே சரியான ஒழுங்கு. உங்கள் பிள்ளை அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டான். இந்தக் கிழமையே கிளினிக் புத்தகத்தோடு போய், காது மூக்கு தொண்டை வைத்தியருக்குக் கடிதம் வாங்குங்கள். மஞ்சள் எவ்வளவு ஏறியது என்ற குறிப்பு இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. காசு கொடுத்து வாங்கிய காது மெசின் லாச்சிக்குள் கிடக்கிறது. ‘கீ’ என்று கத்துது, சத்தம் கேட்குது, கதை விளங்கேல்லை என்கிறார்.
— வாசகர், உவர்மலை

முதலில் அந்தக் ‘கீ’. மெசினைப் போட்டு, காதுக்குள் செருகும் அச்சின் வாயைப் பெருவிரலால் இறுக்கி மூடுங்கள். சத்தம் நின்றால் மெசினில் பிழையில்லை. அச்சு காதில் சரியாக உட்காரவில்லை, அல்லது காதுக்குள் குடுமி (காது அழுக்கு) அடைத்திருக்கிறது. அச்சின் மேல்நுனி காது மடிப்புக்குள் போகாமல் விடுவதுதான் அநேகமாக நடப்பது. மூடியும் கத்தினால் மெசினையும் அச்சையும் இணைக்கும் ரியூப் வெடித்திருக்கும். ரியூப் சில மாதங்களில் மஞ்சளாகி இறுகிவிடும், அதை மாற்ற வேண்டும். மெசினைப் பொத்திய உள்ளங்கைக்குள் வைத்தும் கத்தவே இல்லையென்றால் பற்றரி முடிந்திருக்கும், அல்லது சத்தம் வரும் வழி அடைபட்டிருக்கும்.

திருகோணமலையில் கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்து மெசினைத் தின்னும். ரியூப்புக்குள் ஒரு துளி நீர் நின்றாலே சத்தம் அறுந்துவிடும். இரவில் கழற்றி, பற்றரியை எடுத்து, அதன் கதவைத் திறந்தபடி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிப் போத்தலில் மெசினை வையுங்கள். வெயிலில் காயவைக்கக் கூடாது. அச்சை மட்டும் கழற்றி இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் கழுவி, ரியூப்பை ஊதிக் காயவிட்டு மாட்டுங்கள். பற்றரியின் அளவெண்ணையும் அதன் ஒட்டியின் நிறத்தையும் பார்த்து வாங்குங்கள்: 13 செம்மஞ்சள், 312 மண்ணிறம், 675 நீலம். ஒட்டியை உரித்தபின் ஓரிரு நிமிடம் காற்றுப்பட விட்டுப் போட வேண்டும். உரித்ததைத் திரும்ப ஒட்டினாலும் பற்றரி மிஞ்சாது.

கதை விளங்காததற்குக் காரணம் வேறு. முதுமையில் மேல் சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன்தான் முதலில் போகும். உயிரொலி கேட்கும், மெய்யொலி தேயும். ‘பத்து’, ‘சத்து’, ‘கத்து’ மூன்றும் ஒன்றாகிவிடும். கத்திப் பேசுவது உதவாது. முகம் பார்த்து, நிறுத்திப் பேசுங்கள். பல வருடம் கேளாதிருந்த மூளைக்குப் பழக்கம் வேண்டும். முதல் கிழமை நாளுக்கு ஓரிரு மணித்தியாலம், அமைதியான வீட்டில், ஒரே ஆளோடு பேசட்டும். பிறகு நேரத்தைக் கூட்டலாம். சந்தையும் கோயில் திருவிழாவும் கடைசியில். எந்தச் சத்தம் குத்துகிறது, எது கேட்கவில்லை என்று கொப்பியில் குறித்துக் கொண்டுபோனால் கேட்டல் பரிசோதகர் மெசினை அதற்கேற்றபடி திருத்துவார். ஒருமுறை பொருத்தியதோடு முடிகிற வேலை அல்ல இது. அப்பாவின் மெசின் லாச்சிக்குப் போனதற்கு, அப்படித் திருத்தாமல் விட்டதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

கணவர் கடலட்டைக்கு முழுகுபவர். நேற்று மேலே வந்ததிலிருந்து ஒரு காது அடைப்பு, தலைசுற்று. மாமி எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்கிறா.
— வாசகி, திருக்கடலூர்

இதற்கு இதழ் வரும்வரை காத்திராமல் நேரடியாகவே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கும் தருகிறோம்.

எண்ணெய் வேண்டாம், செவிச்சவ்வு கிழிந்திருக்கலாம். தலைசுற்று இருந்தால் உட்காது பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றே மாவட்டப் பொது வைத்தியசாலை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மூக்கைப் பொத்தி ஊதவோ, பாரம் தூக்கவோ, திரும்ப முழுகவோ கூடாது. தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், அன்று எத்தனை முழுக்கு, இறங்கும்போதே காது இறுகியதா, ஏறிய பிறகு தொடங்கியதா என்பதை வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள். இறங்கும்போது வந்தது அழுத்தக் காயமாக இருக்கலாம், ஏறிய பின் வந்தது இரத்தத்தில் உண்டான வாயுக்குமிழாக இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றல்ல.

முழுகாதவருக்கும் ஒரே இரவில் ஒரு காது கேளாமல் போகலாம். சளி அடைப்பு என்று விட்டுவிடுகிறார்கள். ஸ்டீராய்ட் மருந்து முதல் சில நாட்களில்தான் நன்றாக உதவும். இரண்டு கிழமை போனால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும்.