மாமியின் நோன்பும் சர்க்கரையும்

கேள்வி: சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் என் மாமி, தலைசுற்றினாலும் நோன்பை விட மறுக்கிறார், நோன்பு திறந்ததும் வடை, சமோசா, சர்பத் என்று சாப்பிடுகிறார். என்ன செய்வது?

பதில்: ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் அழைத்துச் சென்று, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்கள் பலரின் கருத்து. சர்க்கரை அளவு 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ, மஃரிபுக்கு (நோன்பு திறக்கும் சூரிய மறைவு நேரத்துக்கு) சிறிது நேரமே இருந்தாலும் நோன்பை உடனே விட்டுவிட வேண்டும். நோயாளிக்குக் குர்ஆன் (2:185) அளித்துள்ள சலுகையை மாமியிடம் பரிவோடு எடுத்துச் சொல்லுங்கள். நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர், சிறு கிண்ணம் கஞ்சி போதும். பொரித்ததை அவருக்கு மட்டும் மறுக்காமல் வீட்டில் எல்லோருமே குறைத்துக்கொண்டால், அவர் மனம் நோகாது. விடியலுக்கு முன் உண்ணும் ஸஹர் உணவை மட்டும் தவிர்க்க விடாதீர்கள்.