கேள்வி-பதில்: படம் எடுத்தாச்சு, அடுத்து என்ன?

சுற்றுச்சூழல் பணிகளுக்கும் மக்கள் பிரச்சினைகளுக்கும் இணையத்தைப் பயன்படுத்தும் குழுக்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஏரிக்கரையில் குப்பை கொட்டுவதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு வருகிறோம். நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டன. அதிகாரியிடம் கொண்டுபோனால், "எந்த இடம், என்றைக்கு எடுத்தது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார். என்ன செய்யலாம்?

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், அதற்குள் பதிவாகியிருக்கும் இடக்குறிப்பும் எடுத்த நேரமும் போய்விடும். எடுத்தவர்களின் போனில் மூலப்படம் இருந்தால், அதை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்த படங்களை அப்படி மீட்டுவிடலாம். மற்றவற்றை விட்டுவிடுங்கள். நினைவிலிருந்து தேதி எழுதிச் சேர்த்தால் நல்ல பதிவுகளின் மீதும் சந்தேகம் விழும்.

இனிமேல் எடுப்பதற்கு ஒரு படிவம் வேண்டும். கோபோடூல்பாக்ஸ் என்ற இணையக் கருவி இப்படிப் படிவம் அமைக்கவென்றே இருப்பது. சிறு குழுக்களுக்கு இலவசக் கணக்கு போதும். ஆண்ட்ராய்டு போனில் கோபோகலெக்ட் செயலி நெட் இல்லாத இடத்திலும் பதிந்து வைத்துக்கொள்ளும், சிக்னல் கிடைத்ததும் அனுப்பிவிடலாம். ஐபோன்காரர்கள் அதே படிவத்தை பிரவுசரில் திறக்கலாம்.

கேள்விகள் ஏழு எட்டைத் தாண்ட வேண்டாம். நேரம் தானாகப் பதிவாகட்டும். அடுத்து ஜிபிஎஸ் புள்ளி, இரண்டு படங்கள் (ஒன்று கிட்டத்தில், இன்னொன்று கரையோ கட்டடமோ மரமோ தெரியும்படி தள்ளி நின்று), குப்பையின் வகை, உத்தேச அளவு, எரிகிறதா இல்லையா, ஒரு வரிக் குறிப்பு. வகையையும் அளவையும் தட்டச்சு செய்ய விடாதீர்கள், பட்டியலிலிருந்து தேர்வு செய்யும்படி வையுங்கள். ஒருவர் 'பிளாஸ்டிக்' என்றும் இன்னொருவர் 'பாலிதீன் கவர்' என்றும் எழுதினால் கடைசியில் கூட்டிப் பார்க்க முடியாது. அளவுக்கு கிலோ கேட்காதீர்கள். யாருக்கும் கண்ணால் எடை தெரியாது. 'ஒரு மூட்டை', 'ஒரு தள்ளுவண்டி', 'ஒரு லாரி' என்று கொடுத்தால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறிப்பார்கள்.

வழக்கமாகச் சொதப்புவது ஜிபிஎஸ்தான். செயலியைத் திறந்த உடனே வரும் புள்ளி நூறு மீட்டர் தள்ளிக்கூட இருக்கும். திறந்த வெளியில் நின்று, துல்லியம் 10 மீட்டருக்குள் வரும்வரை பொறுத்திருந்து சேமிக்கப் பழக்குங்கள். படத்தின் பெரிய பக்கத்தை 1024 பிக்சலாகக் குறைக்கும்படி படிவத்திலேயே அமைக்க முடியும்; இதைச் செய்யாவிட்டால் பாதிப் பதிவுகள் அனுப்பப்படாமல் போனிலேயே தங்கிவிடும்.

வாரம் ஒருமுறை ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். ஒரே குவியலை இரண்டு பேர் பதிந்திருந்தால் ஒன்றை நீக்கிவிட்டு, மீதியை சிஎஸ்வி (சாதாரண அட்டவணைக் கோப்பு) ஆக இறக்கி, யூமேப் என்ற வரைபடத் தளத்தில் ஏற்றினால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் மேல் புள்ளிகளாகத் தெரியும். அதிகாரிக்கு லிங்க் மட்டும் அனுப்பாதீர்கள். அட்டவணை ஒரு பக்கம், வரைபடம் ஒரு பக்கம், அதிகம் கொட்டப்படும் மூன்று இடங்களின் படங்கள் என்று அச்செடுத்துக் கையில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கோப்பு நகர்வது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: காற்று மாசை நாங்களே அளக்க விரும்புகிறோம். மலிவுக் கருவிகளை நம்பலாமா?

எதற்கு நம்பலாம் என்பதைப் பொறுத்தது. எந்த நேரத்தில் ஏறுகிறது, எந்தப் பக்கத்துத் தெரு மோசம் என்பதற்கெல்லாம் நம்பலாம். சட்டப்படி மீறல் நடந்திருக்கிறது என்று நிரூபிக்க இதன் அளவு மட்டும் போதாது.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 2015-ல் தொடங்கிய, மக்களே காற்றை அளக்கும் லுஃப்ட்டாட்டன் திட்டம்தான் இன்றைக்கு சென்சார்.கம்யூனிட்டி என்ற பெயரில் பல நாடுகளில் நடக்கிறது. அதன் பாகங்கள்: நோட்எம்சியு இஎஸ்பி8266 போர்டு (வைஃபை உள்ள சிறு கணினிப் பலகை), தூசு அளக்கும் எஸ்டிஎஸ்011, வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் பிஎம்இ280, யூஎஸ்பி கேபிள், 5 வோல்ட் சார்ஜர், காற்றை உள்ளே இழுக்க ஒரு சிறு குழாய். கூடாக 75 மி.மீ. பிவிசி வளைவுகள் இரண்டு. இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று செருகினால் இரு வாயும் கீழே பார்க்கும், மழை உள்ளே போகாது.

போர்டைக் கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா போகாது. வைஃபையில் சேர மறுத்தால் உங்கள் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்குகிறதா என்று பாருங்கள். இந்த போர்டுக்கு 2.4 தான் தெரியும். தூசு அளவு வரவே இல்லை என்றால் டிஎக்ஸ் (அனுப்பும்), ஆர்எக்ஸ் (வாங்கும்) கம்பிகள் இடம் மாறியிருக்கலாம், அல்லது 5 வோல்ட் கேட்கும் எஸ்டிஎஸ்011-ஐ 3.3 வோல்ட் முனையில் கொடுத்திருப்பீர்கள்.

இதையெல்லாம்விட ஏமாற்றுவது ஈரப்பதம். கருவி லேசர் ஒளி சிதறுவதை வைத்துத் தூசைக் கணக்கிடுகிறது. ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிவிடும், மூடுபனியின் நீர்த்துளிகளும் தூசாக எண்ணப்படும். விடிகாலையில் அளவு திடீரென்று ஏறினால் ஆலையைக் குற்றம் சாட்டும் முன் பிஎம்இ280 காட்டும் ஈரப்பதத்தைப் பாருங்கள். பிஎம்இ280-ஐத் தவிர்த்துச் செலவைக் குறைக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

ஆளுக்கொரு இடத்தில் மாட்டுவதற்கு முன் எல்லாக் கருவிகளையும் ஒரு வாரம் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிடுங்கள். மற்றவற்றோடு ஒத்துப்போகாததை ஒதுக்கிவிடலாம். சமையலறைப் புகைபோக்கி, ஏசி வெளியூது வாய், வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றின் பக்கத்தில் மாட்டாதீர்கள். குழாய் வாயில் சின்ன வலை கட்டாவிட்டால் சிலந்தி குடியேறும். எஸ்டிஎஸ்011-ன் லேசர் ஆயுள் ஏறக்குறைய 8000 மணி நேரம். நிறுத்தாமல் ஓடினால் 11 மாதம்தான் வரும். திட்டத்தின் ஃபர்ம்வேர் (போர்டில் ஏற்றும் மென்பொருள்) இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை சில விநாடிகள் மட்டும் அளப்பதால் சில ஆண்டுகள் தாங்கும்.

ஒப்பிட்டுச் சொல்ல, உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டு அளவு இருக்கிறது: பிஎம் 2.5 எனப்படும் நுண்தூசுத் துகளுக்கு 24 மணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 5. ஒரு நிமிட உச்சத்தை எடுத்து இந்த அளவோடு ஒப்பிட்டுப் போஸ்டர் அடிப்பதைப் பார்க்கிறோம். அது தவறு, எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பதும் அதைத்தான்.

கேள்வி: ஆன்லைன் மனுவில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லையே?

யாருக்கு எழுதினீர்கள், அவரால் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தை, தேதியோடு கேட்டீர்களா? 'ஏரியைக் காப்பாற்றுங்கள்' என்றால் யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. கையெழுத்திட்டவர்களில் எத்தனை பேர் அந்த வட்டாரத்துக்காரர்கள் என்பதைத் தனியாகக் காட்டினால் எண்ணிக்கை குறைந்தாலும் கனம் கூடும்.

கேள்வி: நாங்கள் ஆதாரமாகக் காட்டிய அரசு அறிக்கை இணையதளத்திலிருந்து காணாமல் போய்விட்டது.

முகவரி கையில் இருந்தால் முதலில் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள், பழைய நகல் இருக்கலாம். இனி ஆதாரமாக எடுக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் அன்றைக்கே அங்கே 'சேவ் பேஜ் நவ்' கொடுத்துச் சேமியுங்கள். சேமித்த நகலைத் திறந்தும் பாருங்கள்: லாகின் கேட்கும் பக்கங்களும், நகர்த்திப் பார்க்கும் வரைபடங்களும் பெரும்பாலும் வெறுமையாகத்தான் பதிவாகும். பிடிஎஃப் என்றால் தனியாக இறக்கி, அதன் எஸ்ஹெச்ஏ-256 எண்ணைக் (கோப்பின் கைரேகை போன்றது) கணக்கிட்டுக் குழுவில் மூன்று பேருக்கு மின்னஞ்சல் செய்துவிடுங்கள். அன்றைக்குப் பிறகு கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். நீங்கள் திருத்தவில்லை என்று காட்ட அது உதவும்.

கேள்வி: படங்களைப் பொதுவெளியில் போடுவதால் ஆபத்து உண்டா?

உண்டு. முதல் கேள்விக்கு நாங்கள் காப்பாற்றச் சொன்ன இடக்குறிப்பே இங்கே எதிரியாகும். வீட்டு வாசலிலிருந்து எடுத்த படம் உங்கள் வீட்டைக் காட்டிக்கொடுக்கும். மூலப்படத்தைப் பூட்டி வைத்து, இடக்குறிப்பு நீக்கிய நகலை மட்டும் வெளியிடுங்கள். முகங்களை மங்கலாக்காமல் கறுப்புக் கட்டத்தால் முழுதாக மூடுங்கள். சிக்னல் செயலியில் அனுப்பும் முன்பே முகத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

உயிரினங்களுக்கும் இது பொருந்தும். உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளம், அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே 0.2 டிகிரி கட்டத்துக்குள் கலைத்துக் காட்டும். உங்கள் சொந்த வரைபடத்தில் அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். ஜிபிஎஸ் எண்ணில் தசமத்துக்குப் பின் 5 இலக்கம் இருந்தால் இடம் ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியத்தில் தெரியும், 4 என்றால் 11 மீட்டர், 2 என்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பறவைக் கூட்டுக்கு இரண்டு இலக்கம் தாராளம்.

கேள்வி: நெட் இல்லாத உறுப்பினர்களுக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் செலவு இரட்டிப்பாகிறது. ஏன்?

ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 குறிகளைத் தாங்கும். தமிழ் யூனிகோடில் 70 தான். அதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகும், துண்டுக்கு 67 குறி. 'கி' நமக்கு ஓரெழுத்து, கணக்கில் இரண்டு குறி. எனவே முதலில் இடம், பிறகு நேரம், பிறகு செய்ய வேண்டியது. வணக்கமும் வாழ்த்தும் வேண்டாம். 'ஏரி மதகு, ஞாயிறு காலை 7. கையுறை கொண்டு வரவும்' என்பது ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கிவிடும்.