வாய்க்கசப்பும் வாய்ப்புண்ணும்: கேட்டதும் சொன்னதும்

பல் மருத்துவம் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னதுதான், கேள்விகள் குவிந்துவிட்டன. வரிசையாக இல்லாமல் கைக்கு வந்தபடி பதில் சொல்கிறேன்.

கேள்வி: டாக்டர், வயிற்றுப்போக்குக்கு மாத்திரை போட்டதிலிருந்து இரும்பைச் சப்புகிற மாதிரி இருக்கிறது. காபிகூட இறங்கவில்லை.

பதில்: அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மெட்ரோனிடசோல் என்று இருந்தால் அதன் வேலைதான். மருந்து முடிந்து சில நாளில் போய்விடும், பாதியில் நிறுத்தாதீர்கள். அதுவரை மது வேண்டாம், முடிந்த பிறகும் மூன்று நாள் வேண்டாம்.

கேள்வி: சர்க்கரைக்குப் பத்து வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். நாக்கு வழுவழுவென்று சிவந்து எரிகிறது, ரசம்கூடக் காரம். சத்து மாத்திரை நானே வாங்கிப் போடலாமா?

பதில்: போடுவதற்கு முன்னால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள், போட்டுவிட்டுப் பார்த்தால் அளவு நன்றாக இருப்பதாகக் காட்டி ஏமாற்றிவிடும். மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் உடம்பு பி12ஐ ஏற்பது குறையலாம், அதிலும் சுத்த சைவம் என்றால் கேட்கவே வேண்டாம். நாக்கின் மேலிருக்கும் சின்னச் சின்ன மொட்டுகள் தேய்வதால்தான் அந்த வழுவழுப்பு. கால் மரத்துப்போகிறதா என்றும் கவனியுங்கள், எல்லாப் பழியையும் சர்க்கரைமேல் போட்டுவிட்டு இதைக் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. இரும்புச்சத்தும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: மாதம் தவறாமல் வாய்ப்புண். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால் எல்லாம் நிஜமாகவே கேட்குமா?

பதில்: தேங்காய்ப்பால் எரிச்சலை அடக்கும், நானே குடிப்பேன். ஆனால் சின்னப் புண் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஆறிவிடும், பெயர் மட்டும் கீரைக்குப் போகும்! பற்பசையை மாற்றிப் பாருங்கள், நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் சிலருக்கு ஆகாது. வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளியுங்கள். கிராம்புத் தைலத்தைப் புண்மேல் வைக்காதீர்கள், வெந்துபோகும்.

கேள்வி: ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர். நாக்கில் தயிர் ஒட்டினாற்போல வெள்ளை.

பதில்: ஸ்டீராய்டு இன்ஹேலராக இருந்தால் பெரும்பாலும் பூஞ்சைதான், மருந்து இருக்கிறது, காட்டுங்கள். இனி ஒவ்வொரு தடவையும் உறிஞ்சியதும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் காரமே ஆகவில்லை, வாயும் முன்போலத் திறக்கவில்லை. பாக்கு மட்டும்தான் போடுவார், புகையிலை கிடையாது.

பதில்: இதைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு ஒன்றே போதும், கன்னத்தின் உள்தோல் நார் நாராக இறுகிவிடும், சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும். இறுகியது பழையபடி ஆவது கடினம், அதனால் பாக்கு இன்றோடு நிற்க வேண்டும். அவருடைய மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து முன்பற்களுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள், நுழைகிறதா? மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புத் திட்டோ இருக்கிறதா என்றும் பாருங்கள், வலிக்கவில்லையே என்று விட்டுவிடக் கூடாது.

அவரே: இரண்டு விரல்தான் போகிறது டாக்டர்.

பதில்: சரி, நாளைக்கே பக்கத்தில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போங்கள். போகும்போது அந்தச் சுருக்குப்பையை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.