பேனா அவன் கையில் இருக்கட்டும்

அன்புள்ள ஐயா,

நான் பணி ஓய்வு பெற்றவன். வாரம் இரண்டு மணி நேரம், பதினான்கு வயது மாணவன் ஒருவனுக்குக் கட்டுரை எழுதுவதில் தன்னார்வமாக உதவி வருகிறேன். நான்கு மாதங்களாக அவன் எழுதுவதை வரி விடாமல் திருத்தித் தருகிறேன். ஆனாலும் அதே பிழைகள் திரும்ப வருகின்றன. எழுதும் அளவும் குறைந்துகொண்டே போகிறது. இலக்கணத்தை முழுதாகச் சொல்லிக்கொடுத்த பிறகு எழுதச் சொல்லலாமா? எந்த நூலைப் பின்பற்றுவது? ஆசிரியப் பயிற்சி இல்லாத நான் இதைத் தொடரலாமா?

க.

அன்புள்ள க.,

தாராளமாகத் தொடருங்கள். நூலைப் பற்றிய கவலை வேண்டாம். அவனுடைய நோட்டே போதும். இலக்கணம் முதலில், எழுத்து பிறகு என்ற வரிசையும் வேண்டாம்.

சில வாரங்களாக நான் எண்ணிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதத்தின் ஒரு வரி தொட்டுவிட்டது. எழுதும் அளவு குறைந்துகொண்டே போகிறது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். கடிதத்திலேயே முக்கியமான செய்தி அதுதான். கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள்: குறைவாக எழுதினால் குறைவாகத் திருத்தப்படும் என்பதை நான்கு மாதங்களாக நீங்களே அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள், அவனும் அதைச் சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், அந்நகரில் பள்ளிப்படிப்பை முடித்த அனைவருக்கும் கதவைத் திறந்துவிட்டது. அப்படி வந்தவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த மினா ஷானஸி என்ற பேராசிரியை, சுமார் 4,000 மாணவர் கட்டுரைகளைப் படித்து ஆராய்ந்து, 1977இல் ஒரு நூல் எழுதினார். பிழைகள் கவனக்குறைவாலோ அறிவுக்குறைவாலோ வருபவை அல்ல, பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது என்பதே அவர் கண்டது.

நம் மொழியிலேயே பாருங்கள். ஒரு மாணவன் 'வந்தப் பையன்' என்று எழுதுகிறான். நீங்கள் 'ப்' என்ற அந்த ஒற்றெழுத்தை அடித்துவிடுகிறீர்கள். அவன் ஏன் அதை இட்டான் என்று கேட்டீர்களா? 'அந்தப் பையன்' என்பதில் ஒற்று மிகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 'வந்த' என்பதும் அதே ஓசையில் முடிவதால், தெரிந்த விதியை அவன் நீட்டிப் பார்த்திருக்கிறான். அந்த என்பது சுட்டு, வந்த என்பது பெயரெச்சம் என்ற வேறுபாடு ஒன்றுதான் அவனுக்குத் தேவைப்பட்டது. அதைச் சொல்லாமல் அடித்தால், மறுவாரம் 'அந்த பையன்' என்று எழுதுவான், அதையும் நீங்கள் திருத்துவீர்கள், அதன் பிறகு ஒற்று என்பது பெரியவர்களின் மனநிலைக்கேற்ப வந்துபோகும் ஒன்று என்று முடிவுகட்டி, அதைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிடுவான்.

உங்களைக் கண்டிக்கும் தகுதி எனக்கு வந்தது நான் செய்த ஒரு தவற்றினால்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமிக்கு இதேபோல உதவிக்கொண்டிருந்தேன். அண்ணனோடு பேச்சு நின்றுபோனதைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையில், "அண்ணன் சாப்பிட்டான். நானும் சாப்பிட்டேன். யாரும் பேசவில்லை" என்று மூன்று சிறு வாக்கியங்கள் இருந்தன. அவற்றை அடித்துவிட்டு, 'எங்களிடையே மௌனம் ஒரு சுவராக எழுந்து நின்றது' என்று எழுதிக் கொடுத்தேன். போட்டியில் பரிசு கிடைத்தது. மேடையில் வாசித்தபோது அந்த இடத்தில் தடுமாறி, ஒரு கணம் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, மேலே வாசித்தாள். அதன் பிறகு அவள் எதையும் என்னிடம் கொண்டுவரவில்லை. அவள் எழுதிய மூன்று வாக்கியங்கள் எவ்வளவு நல்லவை என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

அடுத்த வாரம் சிவப்புப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அவன் எழுதியதை அவனே உரக்க வாசிக்கட்டும். கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். தன் பிழைகளில் பலவற்றை நாக்கு தடுக்கும்போது அவனே கண்டுபிடிப்பான், அவனே திருத்துவான். மீதியில் ஒரே ஒரு வகைப் பிழையை எடுத்துக்கொண்டு, ஏன் இப்படி எழுதினாய் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேளுங்கள். அவன் சொல்லும் காரணத்தை எனக்கு எழுதுங்கள்.