கழுத்தில் தங்கிய தைமஸ்: கேள்வி பதில்

பாம்பனிலிருந்து ஒரு தாய்: பையனுக்கு ஒன்றரை வயசு. அழுதாலோ இருமினாலோ தொண்டைக்குழியில் மெத்தென்று வீங்குது, அப்புறம் அமுங்கிடுது. கட்டியா டாக்டர்?

பதில்: பெரும்பாலும் கட்டி இல்லைம்மா. நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் என்ற நோய் எதிர்ப்புச் சுரப்பி, முக்கும்போது மேலே ஏறுகிறது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மேசையில் பிள்ளை அழுதால் உடனே அமர்த்தாதீர்கள். அது ஏறி இறங்குவது அப்போதுதான் திரையில் தெரியும். மூச்சில் இரைச்சலோ விழுங்கச் சிரமமோ இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

தொண்டியிலிருந்து பயிற்சி மருத்துவர்: நெஞ்சில் இருக்க வேண்டிய தைமஸ் சில பிள்ளைகளுக்குக் கழுத்திலேயே இருக்கிறதே, அங்கே எப்படி வந்தது சார்?

பதில்: வரவில்லை தம்பி, இறங்காமல் நின்றுவிட்டது. கருவின் 6-வது வாரத்தில் மூன்றாம் தொண்டைப் பையிலிருந்து (கருவின் தொண்டைப் பக்கத்தில் உள்ள சிறு பை மடிப்பு) இருபுறமும் முளைத்து, 8, 9 வாரங்களில் நெஞ்சுக்குள் போய்ச் சேர வேண்டும். வலை இழுக்கையில் வழியில் மீன் சிந்துவதுபோல, தாடைக் கோணத்திலிருந்து நெஞ்செலும்பு வரை எங்கும் துணுக்கு தங்கலாம். ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் கீழ் பாராதைராய்டு சுரப்பியும் அதே பையில் பிறந்ததுதான். தைமஸ் நின்ற இடத்தில் அதுவும் நிற்கக்கூடும். அறுவை செய்பவர் இதை மறக்கக் கூடாது.

கீழக்கரையிலிருந்து ஒரு தந்தை: மகளுக்கு 5 வயது. தைராய்டுக்குள் 6 மி.மீ. கட்டி, உள்ளே வெள்ளைப் புள்ளிகள் என்று ரிப்போர்ட். ஊசி குத்திச் சோதிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: அது தைராய்டுக்குள் தங்கிய தைமஸ் துணுக்காகவும் இருக்கலாம். ஊசிக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உயர் அதிர்வெண் லீனியர் புரோபால் (தோலில் வைக்கும் ஸ்கேன் கருவி) அந்த இடத்தைப் படமெடுத்து, அதே புரோபைத் தொண்டைக்குழியில் வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்து நெஞ்சுத் தைமஸையும் எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புத் துணியில் வாலிநோக்கம் உப்பைத் தூவினாற்போல இரண்டிலும் ஒரே தோற்றம் இருந்தால், அது தைமஸ் என்பதற்கு வலுவான அடையாளம். பெரும்பாலும் உருண்டையாக இராது. ஓரம் கோணலாகவோ கதிர் வடிவிலோ இருக்கும். பக்கத்து ரத்தக்குழாயை நெரிக்காது. அந்தப் புள்ளிகளைச் சுண்ணாம்புத் துகள் என்று படிப்பதால்தான் புற்றுநோய் பயம் வருகிறது. ஊசியிலும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் குவிந்து வரும். அதைப் பார்த்து லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயோ என்று அடுத்த பயம். தோற்றம் ஒத்துப்போனால் 6 மாதம் கழித்து மறு ஸ்கேன் போதும். வயது ஏற ஏறச் சுருங்குவதே வழக்கம். வளர்ந்தாலோ கழுத்தில் நெறி கட்டினாலோ ஊசி தேவைதான்.

மண்டபத்திலிருந்து: எம்ஆர்ஐ எடுக்கணுமா? அறுத்து எடுத்துவிட்டால் நிம்மதியா?

பதில்: ஸ்கேனில் தெளிவில்லை என்றால் மட்டும் எம்ஆர்ஐ. டி2 என்ற எம்ஆர்ஐ பட வகையில் வெளுப்பாக, நெஞ்சுத் தைமஸின் அதே சாயலில் தெரியும். இதற்காகப் பிள்ளைக்கு சிடி கதிர் வேண்டாம். அறுப்பதற்கு முன், நெஞ்சில் தைமஸ் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கழுத்தில் உள்ளதே அந்தப் பிள்ளையின் ஒரே தைமஸாக இருந்துவிட்டால், நோயை எதிர்க்கும் டி செல்கள் முதிரும் இடமே போய்விடும். நெஞ்சில் தைமஸ் உண்டா என்ற அந்த ஒரு வரி ரிப்போர்ட்டில் இல்லையென்றால், கேட்டு எழுதி வாங்குங்கள்.