நாணயம் கேள்வி–பதில்: கனவில் நிற்கும் காசுகள்

சென்ற இதழில், "உங்கள் சேகரிப்பில் எப்படியாவது சேர்ந்துவிட வேண்டும் என்று நீங்கள் ஏங்கும் நாணயம் எது?" என்று கேட்டிருந்தோம். எழுதிய வாசகர்கள் பலர் பதிலோடு ஒரு கேள்வியையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் சில இங்கே.

என் தாத்தாவின் இரும்புப் பெட்டியில் 1939ஆம் ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்று கிடைத்தது. மிகவும் கறுத்திருக்கிறது. புளி போட்டுத் துலக்கிவிட்டு ஒரு நாணய வணிகரிடம் காட்டலாமா? அசல்தானா என்று எப்படி அறிவது?
— வாசகர், விருதுநகர்

தயவுசெய்து புளியைத் தொடாதீர்கள். அந்தக் கறுப்பு, வெள்ளி பல ஆண்டுகள் காற்றோடு கலந்து பெற்ற மேற்பூச்சு. அதைத் தேய்த்து எடுக்கும்போது நாணயத்தின் நுண்ணிய கோடுகளும் சேர்ந்து போய்விடும். பழகிய கண்ணுக்கு அது ஒரே பார்வையில் தெரிந்துவிடும், மதிப்பும் அப்போதே இறங்கிவிடும்.

பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களில் சேகரிப்பாளர்கள் மிகுதியும் தேடுபவற்றுள் ஒன்று இந்த 1939தான். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, 11.66 கிராம் எடை என்ற பழைய தரத்தில் வந்த கடைசி ஆண்டு ரூபாய் இது. இரண்டாம் உலகப் போரில் வெள்ளி அரிதானபோது, 1940 முதல் ரூபாயில் வெள்ளியின் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. பழைய தரத்து ரூபாய்கள் திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்டன. இவ்வளவுக்கும் தப்பிய 1939 ரூபாய்கள் மிகச் சிலவே.

ஆகவே போலியும் பெருகியிருக்கிறது. இவற்றில் வார்ப்பில் செய்த போலியைக் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது, ஏனெனில் எடை தவறும், எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். ஆனால் 1938ஆம் ஆண்டின் அசல் ரூபாயை எடுத்து, எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கும் வேலையை எடையால் பிடிக்க முடியாது. நாணயம் அசல் என்பதால் வெள்ளியும் எடையும் சரியாகவே இருக்கும், அந்த ஒரே ஓர் இலக்கம் மட்டும் பொய் சொல்லும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸை வைத்து, கடைசி இலக்கத்தைச் சுற்றியுள்ள தளத்தில் சுரண்டல் தடம் இருக்கிறதா, அதன் உயரமும் வளைவும் முந்தைய ஒன்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 1939 என்பதில் இரண்டு ஒன்பதுகள் இருப்பது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு. சந்தேகம் எஞ்சினால், வாங்கும் ஆர்வத்தில் இல்லாத அனுபவசாலி ஒருவரிடம் காட்டிய பிறகே விலை பேசுங்கள்.

வைஷ்ணவ தேவி உருவம் கொண்ட ஐந்து ரூபாய் நாணயத்துக்குப் பல லட்சம் கிடைக்கும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். என்னிடம் மூன்று இருக்கின்றன.
— வாசகி, ஈரோடு

அது புழக்கத்துக்கென்றே பெரும் எண்ணிக்கையில் அச்சிடப்பட்ட நாணயம். லட்சங்கள் தரும் என்ற பேச்சுக்கு எந்த ஆதாரமும் இல்லை. உங்களிடம் "பதிவுக் கட்டணம்", "வரி" என்று முன்பணம் கேட்டால் அந்த உரையாடலை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய நாணயங்களுக்கும் தாள்களுக்கும் கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021இல் அறிவித்திருக்கிறது. அனுமன் உருவமும் 1818 என்ற ஆண்டும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் பொறித்த "அரை அணா"வும் இதே வகைதான். கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை வெளியிட்டதே இல்லை.

நான் கல்லூரி மாணவன். என் கையிருப்புக்கு உட்பட்ட கனவு நாணயம் என்று ஏதாவது உண்டா?
— வாசகர், புதுச்சேரி

உங்கள் ஊரின் பெயரையே தாங்கிய காசு ஒன்று இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஆட்சியில் வெளியிட்ட சிறு செப்புக் காசின் ஒரு பக்கத்தில் அவர்களுடைய லில்லி மலர்ச் சின்னமும் மறுபக்கத்தில் தமிழ் எழுத்தில் "புதுச்சேரி" என்பதும் இருக்கும். நாம் "துட்டு" என்றதை அவர்கள் "தூதூ" என்று எழுதிக்கொண்டார்கள். காரைக்காலின் பெயரைத் தமிழில் தாங்கிய காசுகளும், டச்சுக்காரர் நாகப்பட்டினத்தின் பெயரைத் தமிழில் பொறித்த காசுகளும் உண்டு. இவற்றோடு, 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர் வசம் இருந்த தரங்கம்பாடியின் காசுகளையும் சேர்த்தால், ஒரு கடற்கரையின் இருநூறு ஆண்டு வணிகம் உங்கள் உள்ளங்கையில் அடங்கிவிடும். தரங்கம்பாடியின் தொடக்க காலக் காசுகள் ஈயத்தால் ஆனவை. ஈயம் எளிதில் அரிக்கப்படும் என்பதால் எழுத்துத் தெளிவான ஒன்று கிடைப்பது அரிது. செப்பிலிருந்து தொடங்கி, ஈயத்தைக் கனவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிணறு தூர்வாரும்போது ஒரு கலயத்தில் பழங்காசுகள் கிடைத்தால், கண்டெடுத்தவரே வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், கரூர்

கூடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன; அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் வெட்டிய தடம் இருந்தது. அவை தனித்தனியே பிரிந்து கைமாறியிருந்தால் அந்த வெட்டைக் காசின் பழுது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். மொத்தமாகப் பார்த்ததால்தான் அது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பது புரிந்தது. மேலும், நூறு ஆண்டைக் கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டின் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

கேள்விகளுக்குப் பதில் சொல்லும் உங்களுடைய கனவு நாணயம் எது?
— வாசகி, தஞ்சாவூர்

தஞ்சாவூரிலிருந்தே இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ராசராசனின் செப்புக் காசு இன்றும் சாதாரணமாகக் கிடைக்கிறது. நின்ற உருவமும் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் அவன் பெயரும் கொண்ட அந்தக் காசு இல்லாத தமிழ்நாட்டுச் சேகரிப்பு அரிது. என் கனவு, அவனுக்கு முன்பு ஆண்ட உத்தம சோழனின் பொற்காசு. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய வால்டர் எலியட் 19ஆம் நூற்றாண்டில் அதைக் கண்டு பதிவு செய்தார்; புலியையும் மீனையும் சுற்றிக் கிரந்த எழுத்தில் மன்னனின் பெயர் அமைந்த கோட்டுச் சித்திரம் அவருடைய நூலில் இருக்கிறது. அசல் காசு பிறகு காணாமல் போய்விட்டது. இன்று நம்மிடம் இருப்பது அந்தச் சித்திரம் மட்டுமே.

அது என் சேகரிப்புக்கு வர வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்கு வந்தாலே போதும். இந்த ஆசை வீண் என்று நான் நினைக்காததற்கு ஒரு காரணம் உண்டு. சங்க காலத் தமிழ் மன்னர்கள் தங்கள் பெயர் பொறித்த காசு வெளியிட்டதற்குச் சான்று இல்லை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1980களில் நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி, குதிரை உருவம் கொண்ட சதுரச் செப்புக் காசு ஒன்றில் தமிழ்-பிராமி எழுத்தில் "பெருவழுதி" என்ற பாண்டியன் பெயர் இருப்பதைப் படித்துச் சொன்னார். அதற்குப் பிறகு கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் "மாக்கோதை" என்ற சேரன் பெயரும் படிக்கப்பட்டது. எனவே யாராவது ஒரு வாசகர் வீட்டுப் பரணில் நகைகளோடு நகையாக ஒரு சிறு பொற்காசு கிடந்து, அதில் புலியும் மீனும் தெரிந்தால், உருக்கக் கொடுப்பதற்கு முன் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்.