இன்ஸ்டாகிராம் அனுபவம் பி.ஆர். வேலைக்குப் போதுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரிக் கலைவிழாவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை ஓராண்டாக நான்தான் கவனித்துக்கொள்கிறேன். ரீல்ஸ் எடுப்பது, வாசகம் எழுதுவது, பின்னூட்டங்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் நானே. பி.ஆர். எனப்படும் மக்கள் தொடர்புத் துறைக்குப் போ என்று சீனியர்கள் சொல்கிறார்கள். இந்த அனுபவம் போதுமா, தனியாகப் படிக்க வேண்டுமா? அப்பா வங்கித் தேர்வுக்குத் தயாராகச் சொல்கிறார். கன்னடம் நன்றாகப் பேசுவேன், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அது குறையா?
– ஒரு மாணவி, பெங்களூரு

பதில்: ஓராண்டாக ஒரு பக்கத்தைத் தொய்வில்லாமல் நடத்தியிருக்கிறீர்கள். பாராட்டுகிறேன். நேர்காணலில் அது நிச்சயம் கைகொடுக்கும். ஆனால் அது மட்டும் போதாது. காரணத்தைச் சொன்னால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெளிவாகிவிடும்.

கல்லூரிப் பக்கத்தில் எது வெளிவர வேண்டும் என்று முடிவெடுப்பவர் நீங்கள். விளம்பரத்திலும் அப்படித்தான், காசு கொடுத்து இடத்தை வாங்கியவர் தான் நினைத்ததைச் சொல்லலாம். மக்கள் தொடர்பில் அந்த முடிவு அடுத்தவர் கையில் இருக்கிறது. உங்கள் செய்தியைப் போடலாமா வேண்டாமா என்று நிருபர் தீர்மானிக்கிறார். நம்பலாமா வேண்டாமா என்று கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளர் தீர்மானிக்கிறார். உங்களுக்கு எந்த வகையிலும் கடமைப்படாத ஒருவரை நேர்மையாக இணங்கவைக்கும் வேலை இது. இந்தப் பயிற்சி, உங்களை ஏற்கெனவே விரும்பிப் பின்தொடரும் சக மாணவர்களிடம் கிடைக்காது.

பி.ஆர். ஏஜென்சியில் புதிதாகச் சேர்பவரின் நாள் பெரும்பாலும் பத்திரிகைகளோடு தொடங்கும். கிளையன்ட், அதாவது ஏஜென்சியை அமர்த்திய நிறுவனம் பற்றி என்ன வந்திருக்கிறது, போட்டி நிறுவனம் பற்றி என்ன வந்திருக்கிறது, அரசு ஏதாவது புதிய விதி கொண்டுவந்திருக்கிறதா என்று தொகுத்து, கிளையன்ட் அலுவலகம் வந்து அமர்வதற்குள் அனுப்பிவிட வேண்டும். பிறகு பத்திரிகைகளுக்கு அனுப்பும் செய்திக் குறிப்பு (பிரஸ் ரிலீஸ்) எழுதுவது, நிருபர்களை அழைப்பது, மாலையில் எது வெளிவந்தது என்று கவரேஜ் பட்டியல் போடுவது. சமூக ஊடகம் இதற்குள் ஒரு பகுதிதான். ஆகவே உங்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, நீங்கள் தினமும் பத்திரிகை படிக்கிறீர்களா என்பதுதான். வாட்ஸ்அப்பில் வரும் துணுக்குகளைச் சொல்லவில்லை. யார் எந்தத் துறையைப் பற்றி எழுதுகிறார்கள் என்று பெயர் கவனித்துப் படிப்பதைச் சொல்கிறேன். கல்விச் செய்தி எழுதுபவருக்கு ஸ்டார்ட்-அப் முதலீடு பற்றிய குறிப்பை அனுப்பினால், அடுத்த முறை உங்கள் மின்னஞ்சலை அவர் திறக்கவே மாட்டார்.

அடுத்தது எழுத்து. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். உங்கள் கல்லூரியில் ரத்ததான முகாம் நடந்ததாக வைத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதப்படும் குறிப்பு இப்படி இருக்கும்: ‘எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அமைப்பு மிகுந்த பெருமையுடனும் மகிழ்ச்சியுடனும் மாபெரும் ரத்ததான முகாமை வெற்றிகரமாக நடத்தியது. முதல்வர் குத்துவிளக்கேற்றித் தொடங்கிவைத்துச் சிறப்புரையாற்றினார்.’ இதில் ஒரு வரிகூடப் பத்திரிகைக்குப் பயன்படாது. பெருமையும் மகிழ்ச்சியும் உங்களுடையவை. வாசகருக்கு அவற்றால் ஆவதென்ன? இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘அரசு மருத்துவமனையின் ரத்த வங்கிக்காகச் சனிக்கிழமை கல்லூரி மாணவர்கள் 140 பேர் ரத்தம் கொடுத்தார்கள். அவர்களில் 90 பேர் இதற்குமுன் ரத்தம் கொடுத்ததே இல்லை.’ எண்கள் நான் உதாரணத்துக்காகச் சொன்னவை. இரண்டாவது வாக்கியத்தில்தான் செய்தி இருக்கிறது. முதல் முறை ரத்தம் கொடுத்த ஒரு மாணவியின் பேச்சை அவர் சொன்னபடியே சேருங்கள். முதல்வர் பெயர் நான்காவது பத்தியில் வரட்டும். கடைசியில் ஒரு தொலைபேசி எண் இருக்கட்டும். அந்த எண்ணை மாலை ஏழு மணிக்கும் யாராவது எடுக்க வேண்டும். நிருபர் தன் பிரதியை முடிக்கும் நேரத்தில்தான் சந்தேகம் கேட்டு அழைப்பார்.

செய்திக் குறிப்பு என்ற வடிவமே ஒரு நெருக்கடியில் பிறந்தது. 1906-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரயில் விபத்தின்போது, பென்சில்வேனியா ரயில்வேக்காக ஐவி லீ எழுதிய குறிப்பையே உலகின் முதல் செய்திக் குறிப்பு என்று பலரும் குறிப்பிடுவார்கள். விபத்தை மூடி மறைப்பது வழக்கமாக இருந்த காலத்தில், தகவலைத் தாமாகவே கொடுத்து, நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கும் அழைத்துச் செல்லவைத்தார் அவர். இந்தத் தொழிலின் மரியாதை அந்த ஒரு முடிவிலிருந்து வந்தது என்று நான் நம்புகிறேன்.

இப்போது உங்களுக்குப் பழக்கமான சமூக ஊடகத்துக்கு வருவோம். ஓர் இனிப்புக் கடையின் பக்கத்தை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். சனிக்கிழமை இரவு, வாங்கிய டப்பாவுக்குள் பூச்சி இருந்ததாக ஒருவர் வீடியோ போடுகிறார். கைகள் துறுதுறுக்கும். அதைப் பற்றி நம் பக்கத்தில் வரும் பின்னூட்டத்தை நீக்கிவிடலாமா, உடனே மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று தோன்றும். இரண்டும் வேண்டாம். நீக்கினால், நீக்கியதைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டே அடுத்த வீடியோ ஆகும். என்ன நடந்தது என்று தெரியாமல் மன்னிப்புக் கேட்டால், மறுநாள் வேறு மாதிரிப் பேச நேரிடும். முதலில் பதிவைப் படம்பிடித்து வையுங்கள். டப்பாவில் உள்ள தொகுதி எண் (பேட்ச் நம்பர்), வாங்கிய கிளை, வாங்கிய நாள் ஆகியவற்றை வாடிக்கையாளரிடம் பணிவாகக் கேளுங்கள். தரக் கட்டுப்பாட்டைக் கவனிப்பவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியாவது பேசுங்கள். அதன்பின் நான்கு வரிகள் போதும்:

‘இந்தப் பதிவைப் பார்த்தோம். வாடிக்கையாளரிடம் பேசியிருக்கிறோம். அதே தொகுதிப் பெட்டிகளைக் கடைகளிலிருந்து எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறோம். நாளை காலை 11 மணிக்கு விவரம் தெரிவிப்போம்.’

முழு விவரம் தெரியும்வரை வெளியிடும் இந்த இடைக்கால அறிக்கையைத் தொழிலில் ஹோல்டிங் ஸ்டேட்மெண்ட் என்பார்கள். ஒவ்வொரு வரியும் வெளியிடும் நிமிடத்தில் உண்மையாக இருக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் இன்னும் பேசவில்லை என்றால் இரண்டாவது வரி இருக்கக் கூடாது. பேசிவிட்டு வந்து எழுதுங்கள். காலை 11 மணிக்குச் சோதனை முடிவு வரவில்லையா? ‘இன்னும் வரவில்லை’ என்பதையாவது 11 மணிக்குச் சொல்லியாக வேண்டும்.

இந்திய உதாரணங்கள் இரண்டைத் தேடிப் படியுங்கள். 2003 அக்டோபரில் மகாராஷ்டிரத்தில் கேட்பரி சாக்லேட்டுகளில் புழு இருந்ததாகப் புகார் எழுந்தது. கடைகளில் சரியாக வைக்காததே காரணம் என்று நிறுவனம் முதலில் சொல்லிப் பார்த்தது, எடுபடவில்லை. பிறகு கடைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், சாக்லேட்டின் உறையையே மாற்றினார்கள். அதன்பின்தான் அமிதாப் பச்சன் விளம்பரத்தில் வந்து பேசினார். அந்த வரிசையைக் கவனியுங்கள்: உறை மாறாமல் அமிதாப் மட்டும் வந்திருந்தால் மக்கள் கேட்டிருப்பார்களா? இரண்டாவது, 2015-ல் மேகி நூடுல்ஸ் விவகாரம். ஈயம் அளவுக்கு மேல் இருப்பதாகப் புகார் கிளம்பி, ஜூன் மாதம் நாடு முழுவதும் தடை வந்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. மறு சோதனைகளுக்குப் பிறகு நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. சட்டப்படி நிறுவனம் வென்றது. ஆனால் தொடக்க வாரங்களில் மக்களிடம் போதுமான அளவு பேசவில்லை என்ற விமர்சனம் இன்றுவரை தொடர்கிறது. சட்டம் ஒரு பக்கம், நம்பிக்கை இன்னொரு பக்கம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு நம் நாட்டில் குறைவு.

சட்டத்தையும் தொட்டுச் செல்கிறேன். விழாவுக்கு ஸ்பான்சர் கொடுத்த கூப்பனுக்காக ரீல்ஸ் போட்டிருப்பீர்கள். பணம் வாங்காமல் பொருளை இலவசமாகப் பெற்றிருந்தாலும், அது விளம்பரம் என்று தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது ஆஸ்கி என்ற விளம்பரத் தரக் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த விதிமுறை. ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்துவைப்பது செல்லாது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்; மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். காலாண்டு முடிவு போன்ற தகவல் முதலில் பங்குச்சந்தைக்குத்தான் போக வேண்டும். ஆர்வத்தில் பத்து நிமிடம் முன்னால் பதிவு போட்டுவிட்டாலும் விவகாரம்தான். பி.காம். படிக்கும் உங்களுக்கு இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்தால் புரியும். பெங்களூரின் ஏஜென்சிகளுக்கு அப்படிப்பட்டவர்கள் தேவை. பாடத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

கன்னடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைக் குறை என்பதைவிட, பாதி சேர்த்துவைத்த சொத்து என்பேன். ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பை அவசரமாகக் கன்னடத்துக்கு மாற்றி, படித்தால் யாருக்கும் புரியாத வடிவில் பத்திரிகைகளுக்கு அனுப்புவது இந்த ஊரில் தீராத நோய். அந்தப் பிரதியைப் படித்து, ‘இந்த வரி கன்னடத்தில் இப்படி வராது’ என்று சொல்லக்கூடியவருக்கு மதிப்பு அதிகம். நீங்கள் கன்னடம் பேசுகிறீர்கள். எழுத்து சரளமாவதற்குத் தினமும் அரை மணி நேரம் போதும். கன்னட நாளிதழான ‘பிரஜாவாணி’யின் நகரச் செய்திப் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். மூன்று மாதத்தில் வேகம் பிடிபடும்.

தமிழையும் வீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். தலைமையகம் பெங்களூரிலும் தொழிற்சாலை தமிழ்நாட்டிலுமாக உள்ள நிறுவனங்களை எண்ணிப் பாருங்கள். டைட்டன் அலுவலகம் எலெக்ட்ரானிக் சிட்டியில். கைக்கடிகாரத் தொழிற்சாலை ஓசூரில். ஓலா எலெக்ட்ரிக் தலைமையகம் பெங்களூரு. ஆலை கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில். ஆலையில் ஏதாவது நடந்தால் முதலில் அழைப்பவர் கிருஷ்ணகிரியின் தமிழ் நிருபர். அவரிடம் தமிழில் பேசி, தமிழில் ஒரு பக்கம் எழுதித் தரக்கூடியவர் தலைமையகத்தில் இருந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். அல்சூரில் வளர்ந்த உங்களுக்கு மூன்று மொழியும் தெருவிலேயே கிடைத்திருக்கிறது. அதைத் தன்விவரக் குறிப்பின் கடைசி வரியில் போடாமல் மேலே போடுங்கள்.

படிப்பு விஷயம். இந்தத் துறைக்குக் கட்டாயப் பட்டம் என்று ஒன்றும் கிடையாது, பி.காம். முடித்தே நுழையலாம். ஆனாலும் முதுகலைப் படிப்பு இருந்தால் அடிப்படை உறுதிப்படும். டெல்லியில் 1965-ல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.எம்.சி. என்ற இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனத்தின் விளம்பரம் மற்றும் மக்கள் தொடர்பு டிப்ளமோவுக்கு நெடுநாளாக நல்ல பெயர். 2024-ல் அதற்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதியும் கிடைத்தது. மும்பை சேவியர் தகவல் தொடர்பு நிறுவனத்திலும் இத்துறைக்கான படிப்பு உண்டு. ஊரை விட்டுப் போக முடியாது என்றால் பெங்களூருப் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் துறையையும் நகரக் கல்லூரிகளையும் பாருங்கள். என் யோசனை, முதலில் ஓராண்டு வேலை பார்த்துவிட்டுப் பிறகு படிப்பது. எது தெரியவில்லை என்று தெரிந்த பிறகு படிப்பவர்கள்தான் வகுப்பிலிருந்து அதிகம் எடுத்துக்கொள்கிறார்கள். ‘சமூக ஊடக நிபுணர்’ என்று ஆறு வாரத்தில் சான்றிதழ் தருவதாக விளம்பரம் செய்யும் படிப்புகளுக்கு வீட்டுப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அவர்கள் கற்றுத்தருவதில் பெரும்பகுதியை நீங்கள் கலைவிழாப் பக்கத்தில் செய்தே கற்றுவிட்டீர்கள்.

அப்பாவின் கவலை நியாயமானது. இது எடுத்த எடுப்பில் பெரிய சம்பளம் தரும் துறை இல்லை. நேரம் காலம் பார்க்காத வேலை. அந்தச் சனிக்கிழமை இரவு உதாரணம் அடிக்கடி நிஜமாகும். இதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கூடவே இன்னொன்றையும் சொல்லுங்கள்: பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட எச்.ஏ.எல்., பி.இ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்களிலும் மக்கள் தொடர்புப் பிரிவு இருக்கிறது. அத்தகைய பணிகளுக்கு இதழியல் அல்லது மக்கள் தொடர்பு முதுகலைத் தகுதியைக் கேட்பது வழக்கம். வங்கி பி.ஓ. தேர்வைப் பொதுப்பிரிவினர் 30 வயது வரை எழுதலாம் என்பதால், இரண்டு ஆண்டு முயன்று பார்ப்பதால் அந்தக் கதவு மூடிவிடாது.

இன்டர்ன்ஷிப்புக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். ஏஜென்சிக்கு அனுப்பும் மின்னஞ்சலில் பின்தொடர்பவர் எண்ணிக்கையை ஒரு வரியில் சொல்லிவிட்டு, மூன்று பக்கங்களை இணையுங்கள். ஒன்று, கல்லூரி நிகழ்ச்சி பற்றி நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய செய்திக் குறிப்பு. இரண்டு, அதன் கன்னட அல்லது தமிழ் வடிவம். மூன்று, விழாப் பக்கத்தில் வந்த ஒரு புகாரை நீங்கள் எப்படிக் கையாண்டீர்கள் என்ற விவரம்: புகார் என்ன, எத்தனை மணிக்கு வந்தது, யாரிடம் பேசினீர்கள், என்ன பதில் எழுதினீர்கள், பிறகு என்ன ஆனது. நுழைவுச்சீட்டு கிடைக்காதவர் திட்டிய சம்பவமாக இருந்தாலும் சரி. தேர்வு செய்பவர் முதலில் படிப்பது மூன்றாவது பக்கத்தைத்தான். இன்டர்ன்ஷிப் தருகிறோம் என்று முன்பணம் கேட்கும் இடத்துக்கு மட்டும் பதில் எழுதாதீர்கள்.